எட்டு பிட் பொறிக்குப் பாஸ்கல் கம்பைலர்: நான்கு வழிகளும் ஒரு செக்ரோலும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் சாயங்கால மழை பிடித்துக்கொண்டால் ஏதாவது ஒரு சாப்பாட்டுக் கடையில் ஒதுங்கி, ஒரு தே தாரிக் சொல்லிவிட்டு உட்கார வேண்டியதுதான். அப்படி உட்கார்ந்த ஒரு நாள், பக்கத்துச் செம்பனை ஆலையில் ஷிப்டு வேலை பார்க்கும் தம்பி ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்: "அண்ணே, இசட்80-க்கு நானே ஒரு பாஸ்கல் கம்பைலர் எழுதணும். லேப்டாப்புல எழுதவா, பழைய பொறியிலேயே எழுதவா? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க."

இசட்80 என்பது பழைய எட்டு பிட் கணினிகளின் மூளையான சில்லு. பாஸ்கல் ஒரு நிரல் மொழி. அதில் எழுதியதைச் சில்லுக்குப் புரியும் நிரலாக மாற்றித் தருவதுதான் கம்பைலர். இதே கேள்வியை வேறு இருவரும் என்னிடம் கேட்டிருந்தார்கள். ஒருவர் தமிழ்ப்பள்ளியில் கணினி மன்றம் நடத்தும் டீச்சர். மற்றவர் ஓய்வுபெற்ற தொலைபேசி டெக்னீஷியன். அவர் வீட்டு அலமாரியில் இன்னும் ஓடுகிற பழைய ஆப்பிள் 2 கணினி ஒன்று இருக்கிறது. மூவருக்கும் ஒரே பதில் பொருந்தாது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கீழே சொல்லும் நான்கு வழிகளில் இரண்டை நானே கடைசிவரை செய்து பார்த்தேன், ஒன்றைப் பாதியில் போட்டுவிட்டேன். நான்காவதைத் தொட்டுப் பார்த்ததோடு சரி.

## எதை வைத்து அளப்பது

வழக்கமாக எல்லாரும் முதலில் கேட்பது வேகம்: கம்பைலர் தரும் நிரல் எவ்வளவு வேகமாக ஓடும்? கேட்க வேண்டியதுதான், ஆனால் நான் அதை மூன்றாவதாக வைப்பேன்.

முதல் அளவுகோல், ஒரு பிழையைத் திருத்தி மறுபடி ஓட்டிப் பார்க்க எத்தனை நிமிடம் ஆகிறது என்பது. கம்பைலர் எழுதுகிறவர் இந்தச் சுற்றை ஆயிரக்கணக்கான முறை சுற்றுவார். ஒரு சுற்று பத்து விநாடியா, பத்து நிமிடமா என்பதைப் பொறுத்துத்தான் வேலை முடியுமா, அலமாரிக்குப் போகுமா என்பது இருக்கிறது. ஷிப்டு முடிந்து வந்து இரவில் இரண்டு மணி நேரம் மட்டும் கிடைப்பவருக்கு இது இன்னும் முக்கியம்.

இரண்டாவது நினைவகம். 64 கிலோபைட்டுக்குள் என்னென்ன ஒரே நேரத்தில் இருக்க வேண்டும்? மூன்றாவது ஓடும் வேகம். நான்காவது, நாளைக்கு வேறு பொறிக்குக் கொண்டுபோக வேண்டுமானால் எவ்வளவைத் திரும்ப எழுத வேண்டும் என்பது. ஐந்தாவதாக ஒன்று இருக்கிறது, அதைப் பட்டியலில் யாரும் போடுவதில்லை: நீங்கள் எழுதிய கம்பைலரை வேறு யாராவது பயன்படுத்தப் போகிறார்களா? யாரும் இல்லை என்றால் பாதிக் கவலை போச்சு.

## சோதனைக்கு ஒரு செக்ரோல்

எந்த வழியானாலும் கையில் ஒரு நிஜமான சோதனை நிரல் இருக்க வேண்டும். பகா எண் கண்டுபிடிக்கும் நிரலை மட்டும் வைத்துக்கொண்டு கம்பைலர் சரியாக இருக்கிறது என்று நம்பினால் ஏமாந்து போவோம்.

என்னுடைய சோதனை நிரல் பழைய தோட்டத்துச் செக்ரோல், அதாவது தொழிலாளர்களின் அன்றாட வேலைக் கணக்குப் பதிவேடு. அம்மா ரப்பர் பால் வெட்டிய காலத்தில், கொட்டகையில் பாலை நிறுத்து, மெட்ரோலாக் என்ற மிதவை அளவியை விட்டுப் பார்த்து, அதில் காய்ந்த ரப்பர் எத்தனை விழுக்காடு என்று கிராணி (தோட்டத்துக் கணக்கர்) எழுதிக்கொள்வார். எடையை விழுக்காட்டால் பெருக்கினால் அன்றைய கணக்கு. மாணவனுக்குக்கூடப் புரிகிற கணக்குத்தான்.

இதைப் பாஸ்கலில் எழுதினேன். எடை 24.5 கிலோ, அதைப் பத்தால் பெருக்கி 245 என்று வைத்தேன். விழுக்காடு 33.0, அது 330. இரண்டையும் பெருக்கினால் 80,850. தசமப் புள்ளியைச் சரியான இடத்தில் வைத்தால் 8.085 கிலோ. என் கம்பைலர் கொடுத்த விடை 15,314. அதாவது ஒன்றரை கிலோ.

எட்டு பிட் பொறிகளில் பாஸ்கலின் முழு எண் பொதுவாக 16 பிட். மைனஸ் 32,768-இலிருந்து 32,767 வரைதான் கொள்ளும். 80,850-இலிருந்து 65,536 வழிந்து போனால் மிச்சம் 15,314. அது மைனஸ் எண்ணாக வந்திருந்தால் உடனே சந்தேகம் வந்திருக்கும். பார்வைக்கு ஒழுங்கான எண்ணாக வந்ததால் இரண்டு நாள் கவனிக்கவே இல்லை. அம்மாவிடம் காட்டியபோது, "எந்தக் கிராணியும் எங்கள இந்த அளவுக்கு ஏமாத்தலையேடா" என்றார்.

சம்பளத்தைச் சென்னில் (வெள்ளியில் நூறில் ஒரு பங்கு) வைத்தாலும் இதே கதைதான். 327 வெள்ளி 67 சென் என்ற அளவைத் தாண்டினால் கூலி மைனஸுக்குப் போய்விடும். ஆக, 32 பிட் எண் வேண்டுமா, வழிந்தால் பிழை சொல்ல வேண்டுமா என்பதை முதல் வாரத்திலேயே முடிவு செய்யுங்கள். பிறகு சேர்ப்பது சுவரை இடித்துக் கம்பி இழுக்கிற வேலை.

இனி வழிகளைப் பார்ப்போம்.

## வழி ஒன்று: பொறியிலேயே ஓடும் கம்பைலர்

பழைய பொறியை ஆசையோடு வைத்திருப்பவர்கள் எல்லாருடைய கனவும் இதுதான். பொறியைப் போட்டவுடன் எடிட்டர் வர வேண்டும், நிரலை அடிக்க வேண்டும், ஒரு விசையில் கம்பைல் ஆக வேண்டும்.

இது முடியும் என்று காட்டியவர் ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க். டென்மார்க்கில் நாஸ்காம் என்ற இசட்80 பொறிக்கு அவர் எழுதிய பாஸ்கல் கம்பைலர்தான் வளர்ந்து, 1983-இல் போர்லண்ட் நிறுவனம் வழியாக டர்போ பாஸ்கலாக வெளிவந்தது. விலை 49.95 அமெரிக்க டாலர். எடிட்டர், கம்பைலர், ரன்டைம் (நிரல் ஓடும்போது துணை நிற்கும் பகுதி) எல்லாம் ஒரே கோப்பு. டாஸுக்கான 3.02 பதிப்பின் மொத்த அளவு 39,731 பைட்தான். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு படம் இதைப்போல நூறு மடங்கு இருக்கும்.

இது எப்படிச் சாத்தியமானது? பாதிப் பெருமை நிக்லாஸ் வீர்த்துக்கு. 1970-இல் அவர் வெளியிட்ட பாஸ்கலில், எதையும் பயன்படுத்தும் முன் அறிவிக்க வேண்டும். அதனால் கம்பைலர் மூலநிரலை மேலிருந்து கீழே ஒரே தடவை படித்தால் போதும். படிக்கும்போதே பொறி நிரலை எழுதிக்கொண்டே போகலாம். இடையில் தற்காலிகக் கோப்பு, இணைப்பி என்று எதுவும் தேவையில்லை. மீதிப் பெருமை, முழுவதையும் அசெம்பிளியில், அதாவது சில்லின் ஆணைகளிலேயே, எழுதிய ஹெய்ல்ஸ்பெர்க்குக்கு.

நீங்களும் அசெம்பிளியில்தான் எழுத வேண்டியிருக்கும் என்பதே இந்த வழியின் முதல் மறைந்த செலவு. இரண்டாவது, இடநெருக்கடி. ஸ்பெக்ட்ரம் 48 என்ற இசட்80 கணினியை எடுத்துக்கொள்ளுங்கள். திரைக்கே 6,912 பைட் போகிறது. மற்றதையும் கழித்தால் கையில் ஏறக்குறைய 41 கிலோபைட். அதற்குள் கம்பைலர், எடிட்டர், மூலநிரல், வெளிவரும் நிரல், பெயர் அட்டவணை எல்லாம் குடியிருக்க வேண்டும். ஒரு பெயருக்கு எட்டு எழுத்தும் விவரத்துக்கு ஆறு பைட்டும் என்று வைத்தால், 300 பெயருக்கு 4,200 பைட். லயத்து வீட்டில் கூட்டுக் குடும்பம் நடத்துவது போலத்தான். ஒருவர் காலை நீட்டினால் இன்னொருவர் எழுந்து உட்கார வேண்டும்.

மூன்றாவது செலவை என் தலையில் கட்டிக்கொண்டு கற்றேன். சிபி/எம் என்ற இயங்குதளம் ஓடும் பழைய பொறி ஒன்றை இரண்டாம் கையாக வாங்கி, அதிலேயே வேலை செய்தேன். கம்பைல் செய்த நிரலும் மூலநிரலும் ஒரே நினைவகத்தில். என் கம்பைலர் போட்ட தப்பான நிரல் ஓடியபோது நினைவகத்தை மிதித்துக்கொண்டு போனது. சேமிக்காத மூலநிரலும் அதோடு போச்சு. ஒரு மாலை வேலை. சேமித்து வைத்த நெகிழ்வட்டுகளில் மூன்றில் பூசணம் பூத்திருந்ததை அடுத்த மாதம்தான் பார்த்தேன். நம் ஊர் ஈரத்தில் இது நடக்கும். அலமாரியில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் வைத்தால் இன்னும் சீக்கிரம் நடக்கும். நான் பாதியில் போட்டதாகச் சொன்னது இந்த வழியைத்தான்.

எப்போது இதுவே சரி? பழைய பொறியில் உட்கார்ந்து எழுதும் அனுபவமே உங்கள் நோக்கம் என்றால். அல்லது இசட்80 அசெம்பிளி ஏற்கெனவே கைவந்தது என்றால். அப்போதும், கம்பைலரின் அசெம்பிளியை லேப்டாப்பில் எழுதி, அந்தப் பொறியாக நடிக்கும் எமுலேட்டரில் ஓட்டிப் பார்த்து, கடைசியில் பொறிக்கு மாற்றுங்கள். எமுலேட்டர் செத்துப் போனால் மறுபடி திறந்துகொள்ளலாம்.

## வழி இரண்டு: லேப்டாப்பில் ஓடும் குறுக்குக் கம்பைலர்

கம்பைலர் லேப்டாப்பில் ஓடும். அது வெளியிடுவது இசட்80 அல்லது 6502-இன் (ஆப்பிள் 2-இல் இருக்கும் சில்லு) நிரல். இன்று புதிதாகத் தொடங்குகிறவர்களில் பெரும்பாலோர் இந்தப் பக்கம்தான். அடாரி பொறிகளுக்குப் போலந்துக்காரர் ஒருவர் எழுதிய மேட் பாஸ்கல் இந்த வகை. ஃப்ரீ பாஸ்கலின் வளர்ச்சிப் பதிப்பிலும் இசட்80-க்கு இலக்கு இருக்கிறது. பாஸ்கலில் விளையாட்டு எழுதுவதுதான் உங்கள் ஆசை, கம்பைலர் எழுதுவது இல்லை என்றால், இவற்றை இறக்கிக்கொண்டு இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிடலாம்.

இங்கே நினைவகம் என்ற கவலையே கம்பைலருக்கு இல்லை. பெயர் அட்டவணை எத்தனை மெகாபைட் ஆனாலும் யாருக்கு என்ன? முழு நிரலையும் மரமாகக் கட்டி, மூன்று நான்கு தடவை சுற்றி வந்து யோசிக்கலாம். அந்த யோசனையின் பலன் எங்கே தெரியும் என்று ஓர் இடத்தைக் கிட்டே போய்ப் பார்ப்போம்.

பாஸ்கல் செயல்முறை ஒன்றின் உள்ளூர் மாறி எங்கே இருக்கும்? பாடப்படி ஸ்டாக்கில், அதாவது அழைப்புக்கு அழைப்பு ஏறி இறங்கும் நினைவக அடுக்கில். இசட்80-இல் ஸ்டாக்கில் இருக்கும் மாறியை எடுக்க ஐஎக்ஸ் என்ற ரெஜிஸ்டரோடு (சில்லுக்குள் இருக்கும் சின்னச் சேமிப்பிடம்) தொலைவைக் கூட்டிப் படிக்க வேண்டும். ஒரு பைட்டுக்கு 19 டி-ஸ்டேட் (சில்லின் கடிகாரத் துடிப்பு); 16 பிட் எண் என்றால் இரண்டு தடவை, 38 டி-ஸ்டேட், 6 பைட் நிரல். அதே மாறி நினைவகத்தில் நிலையான முகவரியில் இருந்தால் எச்எல் ரெஜிஸ்டருக்கு ஒரே ஆணையில் வந்துவிடும்: 16 டி-ஸ்டேட், 3 பைட். வேகத்தில் பாதிக்கு மேல் மிச்சம், இடத்தில் சரிபாதி மிச்சம்.

அப்படியானால் எல்லாவற்றையும் நிலையான முகவரியில் வைத்தால் என்ன? செயல்முறை தன்னைத்தானே அழைத்தால் கெட்டது கதை; இரண்டாவது அழைப்பு முதல் அழைப்பின் மாறிகளை அழித்துவிடும். டர்போ பாஸ்கலின் சிபி/எம் பதிப்பு இதற்கு ஒரு துணிச்சலான முடிவு எடுத்தது. வழக்கமாக நிலையான முகவரிதான். தன்னைத்தானே அழைக்கும் செயல்முறை வேண்டுமானால் நிரல் எழுதுகிறவர் ஏ-மைனஸ் என்ற குறிப்பைக் கையால் போட வேண்டும். மறந்தால் விளைவு அவர் பாடு. ஒரே தடவை படிக்கும் கம்பைலருக்கு வேறு வழியில்லை. லேப்டாப்பில் ஓடும் உங்கள் கம்பைலருக்கு அந்த நிர்ப்பந்தம் கிடையாது. யார் யாரை அழைக்கிறார்கள் என்று முழு நிரலையும் பார்த்து, சுற்றி வருகிற செயல்முறைகளை மட்டும் ஸ்டாக்குக்கு அனுப்பலாம். மற்றவை நிலையான இடத்தில். ஒரே நேரத்தில் உயிரோடு இருக்க முடியாத இரண்டு செயல்முறைகளுக்கு ஒரே இடத்தையும் கொடுக்கலாம், காலை ஷிப்டும் இரவு ஷிப்டும் ஒரே கட்டிலைப் பங்கிட்டுக்கொள்வது மாதிரி.

மறைந்த செலவு? ஆசைதான். ஒரு மாற்றத்தில் 20 டி-ஸ்டேட் மிச்சமானால் அடுத்ததையும் செய்யத் தோன்றும். தள்ளி உடனே எடுக்கும் ஆணைகளை நீக்கினேன், எழுதியதையே திரும்பப் படிப்பதை நீக்கினேன், மாறிலிகளை முன்பே கூட்டினேன். இப்படியே மூன்று மாதம். அந்த மூன்று மாதத்தில் கோப்பு படிக்கும் வசதியைச் சேர்க்கவே இல்லை. செக்ரோல் நிரல் மின்னலாக ஓடியது, ஆனால் எதையும் சேமிக்கத் தெரியாது.

இன்னொன்று, எமுலேட்டரில் ஓடியது நிஜப் பொறியில் ஓடும் என்று நம்பிவிடுவோம். நாடா வழியாக 40 கிலோபைட்டை ஸ்பெக்ட்ரமுக்கு ஏற்ற நான்கு நிமிடம் பக்கத்தில் ஆகும் என்பதால் நிஜப் பொறியில் சோதிப்பதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வருவோம். வாரம் ஒருமுறையாவது ஏற்றிப் பாருங்கள்.

## வழி மூன்று: பி-கோட்

கம்பைலர் நிஜப் பொறிக்கு நிரல் எழுதாது. கற்பனையான ஒரு பொறிக்கு எழுதும். அந்த ஆணைகள்தான் பி-கோட். அந்தக் கற்பனைப் பொறியாக நடிக்கும் சின்ன இன்டர்பிரட்டர் ஒன்று இசட்80-இல் ஓடும். சூரிக்கில் வீர்த்தின் குழு 1970-களில் இதைச் செய்தது, பாஸ்கலை ஊர் ஊராகக் கொண்டுபோக. சாண்டியாகோவில் கென்னத் போல்ஸ் அதை எடுத்து முழு இயங்குதளமாக வளர்த்தார். 1979-இல் ஆப்பிள் 2-க்கு வந்த ஆப்பிள் பாஸ்கல் அதன் வழி வந்ததுதான். 48 கிலோபைட்டோடு இன்னொரு 16 கிலோபைட் அட்டை செருகினால்தான் ஓடும். 1981-இல் ஐபிஎம் பிசி வெளிவந்தபோது அதற்கு அறிவிக்கப்பட்ட மூன்று இயங்குதளங்களில் ஒன்றும் போல்ஸின் இந்த இயங்குதளமே. இந்தத் தகவலைச் சொன்னதும் நம் ஆப்பிள் 2 ஐயா, "அந்த அட்டை என்னிடம் இருக்கு" என்று எழுந்து போய்விட்டார். பேச்சு அன்றோடு நின்றது.

வேகத்தில் இது தோற்கும், அதில் பூசி மெழுக ஒன்றுமில்லை. இரண்டு எண்களைக் கூட்டி மூன்றாவதில் வைக்கும் ஒரு வரியை எடுப்போம். நேரடி இசட்80 நிரலில், நிலையான முகவரிகளோடு, 63 டி-ஸ்டேட். பி-கோட்டில் நான்கு ஆணைகள்: முதல் எண்ணைத் தள்ளு, இரண்டாவதைத் தள்ளு, கூட்டு, வை. ஒவ்வோர் ஆணையையும் எடுத்து, அட்டவணையில் தேடி, உரிய இடத்துக்குத் தாவ நான் எழுதிய இன்டர்பிரட்டருக்கு 50 டி-ஸ்டேட். ஆக, வேலை தொடங்கும் முன்பே 200 போச்சு. இடத்தில் நிலைமை தலைகீழ்: நேரடி நிரலுக்கு 11 பைட், பி-கோட்டுக்கு 7. பெரிய நிரல்களில் இந்த மிச்சம் கண்ணுக்குத் தெரியும்.

ஆனால் என் முதல் அளவுகோலில் இதுதான் எல்லாவற்றையும் தோற்கடிக்கிறது. இன்டர்பிரட்டரை இரண்டு முறை எழுதுங்கள்: முதலில் லேப்டாப்பில், உங்களுக்குத் தெரிந்த எந்த மொழியிலும், இரண்டு மூன்று மாலைகளில் முடியும். பிறகு இசட்80 அசெம்பிளியில். ஒரே பி-கோட்டை இரண்டிலும் ஓட்டுங்கள். விடை வேறுபட்டால் குற்றம் அநேகமாக இசட்80 இன்டர்பிரட்டரில். விடை ஒன்றாக இருந்து தப்பாக இருந்தால் குற்றம் கம்பைலரில். பிழை எந்தப் பக்கம் என்று தேடுவதில்தான் எனக்கு முதல் இரண்டு வழிகளிலும் பாதி நேரம் போனது. இங்கே பெரும்பாலும் அந்தக் கேள்வி ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். செக்ரோலில் வந்த 15,314-ஐயும் இப்படித்தான் பிடித்தேன். லேப்டாப் இன்டர்பிரட்டரில் எண்ணின் அகலத்தை 32 பிட்டாக மாற்றினேன், 80,850 வந்தது, அவ்வளவுதான்.

பொறி மாற்றுவதும் எளிது. ஆப்பிள் 2-க்குப் போக வேண்டுமானால் 6502-இல் இன்டர்பிரட்டரும் ரன்டைமும் மட்டும் புதிது. கம்பைலரில் ஒரு வரியைத் தொட வேண்டாம்.

மறைந்த செலவு, ஆணைத் தொகுப்பை அவசரத்தில் வடிவமைப்பது. நான் முதலில் எல்லா மாறிக்கும் இரண்டு பைட் முகவரி வைத்தேன். பிறகுதான் பெரும்பாலான மாறிகள் முதல் 256 பைட்டுக்குள்ளேயே அடங்குவது தெரிந்தது. அதைக் குறுக்கியபோது, பழைய சோதனைக் கோப்புகள் எல்லாம் வீண். ஐம்பது வரியில் ஒரு நிரலைக் கையாலேயே பி-கோட்டாக எழுதிப் பார்த்துவிட்டு ஆணைகளை முடிவு செய்திருக்கலாம்.

## வழி நான்கு: சி மொழி வழியாக

பாஸ்கலைச் சி-யாக மாற்றிவிட்டு, இசட்80-க்கு எஸ்டிசிசி, 6502-க்கு சிசி65 என்று இருக்கிற கம்பைலரிடம் கொடுத்துவிடுவது. கேட்கச் சுகமாக இருக்கிறது. செயல்முறைக்குள் செயல்முறை எழுதிப் பாருங்கள். பாஸ்கல் அனுமதிக்கும், சி மொழியின் தரத்தில் அது இல்லை. உள்ளே இருப்பது வெளியே இருப்பதன் மாறிகளைத் தொடும்போது அதை நீங்கள் கையால் ஜோடிக்க வேண்டும். கணங்கள் (செட்), நீளத்தை முதல் பைட்டில் வைக்கும் சரங்கள் ஆகியவற்றுக்கும் தனி வேலை. பிழைச் செய்தி வந்தால் அது நீங்கள் எழுதாத சி வரியைக் காட்டும். இலக்கணப் பகுதியை மட்டும் கற்க விரும்புகிறவருக்கு இது போதும். எட்டு பிட் பொறியைத் தொட்டுப் பார்க்க ஆசைப்படுகிறவருக்குப் போதாது. ஆசைப்பட்ட பகுதியை வேறு யாரோ செய்து முடித்திருப்பார்கள்.

## ஒரு பார்வையில்

| | பொறியிலேயே | குறுக்குக் கம்பைலர் | பி-கோட் | சி வழியாக |
|---|---|---|---|---|
| திருத்தி ஓட்ட | மெதுவு, ஆபத்து | விநாடிகள் | விநாடிகள். பிழை எங்கே என்பதும் தெரியும் | விநாடிகள். பிழைச் செய்தி குழப்பும் |
| நினைவகம் | எல்லாம் நெருக்கடி | நிரலுக்கும் ரன்டைமுக்கும் மட்டும் | நிரல் சிறியது. இன்டர்பிரட்டருக்கு இடம் வேண்டும் | சி கம்பைலரைப் பொறுத்தது |
| ஓடும் வேகம் | நன்று | மிக நன்று | பல மடங்கு குறைவு | நன்று |
| வேறு பொறிக்கு | ஏறக்குறைய முழுதும் புதிது | நிரல் வெளியிடும் பகுதியும் ரன்டைமும் புதிது | இன்டர்பிரட்டரும் ரன்டைமும் புதிது | ரன்டைமில் கொஞ்சம் |
| மறைந்த செலவு | அசெம்பிளி, இழப்பு | முடிவில்லாத மெருகேற்றம் | ஆணைத் தொகுப்பு வடிவம் | உள் செயல்முறைகள் |

## இசட்80-ஆ, 6502-ஆ

இதில் சண்டை போடுகிறவர்களை நான் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்ப்பதோடு சரி. இருந்தாலும் கம்பைலர் எழுதுகிறவருக்கு வித்தியாசம் உண்டு.

1976-இல் ஸைலாக் வெளியிட்ட இசட்80-க்கு 16 பிட் எண்ணைக் கூட்ட ஓர் ஆணை போதும். ஒரு பைட், 11 டி-ஸ்டேட். அதற்கு ஓராண்டு முன் வந்த 6502-க்கு அப்படி ஆணை கிடையாது. எட்டு பிட்டாக இரண்டு முறை கூட்ட வேண்டும். மாறிகள் முதல் 256 பைட்டுக்குள் இருந்தால்கூட 13 பைட், 20 சுழற்சி. இந்த எண்களைப் பார்த்து 6502 மட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். மேலே சொன்ன அதே கூட்டல் வரி, மாறிகளை எடுப்பதும் வைப்பதும் சேர்த்து, 3.5 மெகாஹெர்ட்ஸ் ஸ்பெக்ட்ரமில் 18 மைக்ரோ விநாடி. ஒரு மெகாஹெர்ட்ஸ் 6502-இல் 20. கிட்டத்தட்ட ஒன்றுதான்.

6502-இன் உண்மையான தொல்லை ஸ்டாக். மொத்தமே 256 பைட். பாஸ்கலின் உள்ளூர் மாறிகளை அதில் வைக்க முடியாது. நீங்களே தனி ஸ்டாக் ஒன்றை மென்பொருளில் கட்ட வேண்டும். ஆகவே முதல் கம்பைலர் என்றால் இசட்80. ஆப்பிள் 2-ஓ கமோடோர் 64-ஓ ஏற்கெனவே வீட்டில் இருந்தால் மட்டும் 6502, அதுவும் பி-கோட் வழியில்.

புதிதாகப் பொறி கட்ட நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி: நாம் வழக்கமாகச் செருகும் பழைய இசட்80 சில்லுகளின் தயாரிப்பை நிறுத்துவதாக ஸைலாக் 2024-இல் அறிவித்தது. கடைகளில் மிச்சச் சரக்கு கிடைக்கிறது. 6502-இன் தம்பியான 65சி02 இன்னும் புதிதாகவே வருகிறது.

## எந்த வழியிலும் தப்ப முடியாதது

இலக்கணத்தைப் பிரித்துப் படிக்கும் பகுதிதான் கம்பைலர் என்று முதலில் எல்லாரும் நினைக்கிறோம். வீர்த் 1976-இல் பாடத்துக்காகக் காட்டிய பிஎல்/0 என்ற குட்டி மொழியைப் பின்பற்றினால் அந்தப் பகுதி ஒரு மாதத்துக்குள் கைக்கு வந்துவிடும். அதன் பிறகுதான் ரன்டைம் என்ற கூலிக்காரர் வாசலில் வந்து நிற்பார்.

இரண்டு சில்லுக்கும் பெருக்கல் ஆணை கிடையாது, வகுத்தலும் கிடையாது. எழுத வேண்டும். ஓர் எண்ணைத் திரையில் காட்ட அதைப் பத்தால் திரும்பத் திரும்ப வகுக்க வேண்டும். சரங்களை ஒட்ட, வெட்ட, ஒப்பிட வேண்டும். கோப்பு திறக்க வேண்டும். தசம எண்களோ தனி உலகம். டர்போ பாஸ்கல் அவற்றுக்கு ஆறு பைட் ஒதுக்கியது. இதில் மட்டும் என் பேச்சைக் கேளுங்கள்: முதல் பதிப்பில் தசம எண் வேண்டாம். கட்டாயம் வேண்டுமென்றால் ஸ்பெக்ட்ரமின் ரோமிலேயே ஐந்து பைட் தசமக் கணக்குப் பகுதி இருக்கிறது (ரோம் என்றது படிக்க மட்டுமான நினைவகத்தை); கமோடோர் 64-இன் பேசிக்கிலும் இருக்கிறது. அவற்றைக் கூப்பிட்டு வேலை வாங்கிக்கொள்ளுங்கள். மெதுவாக இருக்கும், ஆனால் சரியாக இருக்கும்.

## யாருக்கு எது

டீச்சருக்கு: பி-கோட், லேப்டாப் இன்டர்பிரட்டரோடு மட்டும். மாணவர்கள் ஒவ்வோர் ஆணையாக நிறுத்தி, ஸ்டாக்கில் எண்கள் ஏறி இறங்குவதைப் பார்க்கலாம். பழைய பொறியே வாங்க வேண்டியதில்லை. பள்ளிக்குச் செலவு பூஜ்யம்.

ஆப்பிள் 2 ஐயாவுக்கு: எழுதவே வேண்டாம். ஆப்பிள் பாஸ்கலைத் தேடிப் பிடித்து, அந்த அட்டையைச் செருகி ஓட்டட்டும். ஒரு வருடம் பயன்படுத்திய பிறகும் அதில் ஏதாவது குறை என்று தோன்றினால் அப்போது வந்து பேசலாம். முதல் மின்சாரம் கொடுக்கும் முன் பவர் சப்ளையை யாரிடமாவது காட்டட்டும், அதைத்தான் நான் அதிகம் வற்புறுத்தினேன்.

ஷிப்டுத் தம்பிக்கு: அவர் விளையாட்டு எழுத ஆசைப்படுகிறார், அதற்கு வேகம் வேண்டும், ஆக முடிவில் குறுக்குக் கம்பைலர்தான். ஆனால் பி-கோட்டில் தொடங்கச் சொன்னேன். முதல் பதிப்பு பி-கோட்டாக ஓடி, எல்லாச் சோதனையும் தேறிய பிறகு, ஒவ்வொரு பி-கோட் ஆணைக்கும் பதிலாக நாலைந்து இசட்80 ஆணைகளை வரிசையாக எழுதி வைத்தால் அதுவே நேரடி நிரல். தாவும் செலவான அந்த 50 டி-ஸ்டேட் அப்படியே மறையும். மெருகேற்றத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இன்டர்பிரட்டர் பக்கத்திலேயே இருப்பதால், மெருகேற்றியதில் எது கெட்டது என்றும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

"ரெண்டு தடவ எழுதுற மாதிரி இருக்கே, அண்ணே?" என்றார்.

ஆமாம் தம்பி, இரண்டு தடவைதான். நான் ஒரே தடவையில் எழுதப் போய் மூன்று தடவை எழுதினேன்.

போன வாரம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். செக்ரோல் நிரல் ஓடியது. 32 பிட் எண்ணோடு 80850 என்று திரையில் வந்தது. தசமப் புள்ளியை எங்கே போடுவது என்று கேட்டார். அது ரன்டைம் வேலை என்றேன். இன்னொரு தே தாரிக் சொல்லிவிட்டு இருவரும் அதை எழுத உட்கார்ந்தோம்.